நம்பிக்கை என்னும் சொல்



பாடசாலையை விட்டுச் செல்லும் மாணவருக்கு நற்சான்றுப் பத்திரம் எழுத அமரும்போதெல்லாம், ஒரு சொல்லின் முன்னே என் பேனா சற்றுத் தயங்குவதுண்டு. “தன்னம்பிக்கை உடையவர்” என்று எழுதலாமா, ஆகாதா? என் ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் அச்சொல்லை நான் பிழைபட வழங்கினேன். அப்பிழையை எனக்கு உணர்த்தியவன் பதினைந்து வயதுச் சிறுவன். அவனைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன். முதற்கண் அச்சொல்லையே சிறிது ஆராய்வோம்.

‘நம்பு’ என்பது பழஞ்சொல். தொல்காப்பியர் உரியியலிலே அதற்கு ‘நசை’, அதாவது விருப்பம், என்று பொருள் கூறுகின்றார். அப்பழம்பொருளின் சாயல் இன்றும் நம் பேச்சில் உண்டு. படுவான்கரையிலே வயலை விதைத்துவிட்டு வானத்தை நோக்கும் உழவர், “மழை வருமென்று நம்புகிறேன்” என்கின்றார். அதே உழவர் அயலவருக்கு விதைநெல் கொடுத்தனுப்பிவிட்டு, “அவரை நம்பிக் கொடுத்தேன்” என்றும் சொல்கின்றார். சொல் ஒன்றே, பொருள் ஒன்றன்று. மழையைப் பற்றியது அவா. அயலவரைப் பற்றியது, பல ஆண்டு பழகிக் கண்டதன் பயன். அவர் முன்னர் வாங்கியதைத் திருப்பித் தந்தவர். சொன்ன சொல் தவறாதவர். இவ்விரண்டாம் பொருளையே நாம் இன்று நம்பிக்கை என்னும் சொல்லாற் சிறப்பாகக் குறிக்க வேண்டும்.

இப்பொருளுக்கு நம் முன்னோர் வைத்த சொற்கள் தெளிவு, தேற்றம் என்பன. ஐயம் நீங்கிய நிலையே தேற்றம். திருக்குறளில் நம்பிக்கை என்ற பெயரில் அதிகாரம் இல்லை; ஆனால் 51ஆம் அதிகாரம் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் பெயருடையது. முன்னே தெரிதல், பின்னே தெளிதல் என்னும் வரிசையை நோக்குங்கள். ஆராயாது ஒருவரை நம்புதலும், ஆராய்ந்து நம்பியபின் அவரை ஐயுறுதலும் ஆகிய இரண்டுமே தீராத துன்பம் தரும் என்று வள்ளுவர் அவ்வதிகாரத்தை முடிக்கின்றார். ஆராய்ச்சி இல்லாத இடத்தில் நம்பிக்கை என்னும் பெயர் பொருந்தாது என்பது இதனாற் பெறப்படும்.

இனி, இச்சொல்லோடு மயங்கும் பிற சொற்களைப் பார்ப்போம்.

துணிவு என்பது முதலாவது. துணித்தல் என்றால் வெட்டுதல். ஐயத்தை ஆராய்ந்து தீர்ப்பது தேற்றம். வெட்டி எறிவது துணிவு. நீரில் மூழ்கும் குழந்தையைக் கண்டவுடன் குதிப்பவருக்கு ஆராய அவகாசம் இல்லை; அங்கே துணிவே வேண்டும். ஆயின் நாள்தோறும் தோணி செலுத்துபவருக்குத் துணிவு மட்டும் போதாது.

ஊக்கம், உறுதி என்பன அடுத்தவை. ஊக்கம் ஒரு செயலைத் தொடங்க வைக்கும். உறுதி அதனை முடிக்க வைக்கும். இரண்டும் நம்பிக்கைக்கு உறவினவே. ஆயினும் தவறான வழியிலும் ஒருவர் ஊக்கத்தோடு செல்லக்கூடும், உறுதியோடும் நிற்கக்கூடும். பின்னையதைப் பிடிவாதம் என்கிறோம்.

செருக்கு என்பது நம்பிக்கையின் உடையை உடுத்துத் திரிவது. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. செருக்குக்கு வேறொருவர் தாழ்ந்து நிற்க வேண்டும். நம்பிக்கைக்கு அஃது வேண்டுவதில்லை. செருக்குடையவரிடம் ஒரு கேள்வி கேட்டால் முகம் சிவக்கும். நம்பிக்கையுடையவர், “அதை நான் இன்னும் படிக்கவில்லை” என்று கூசாது கூறுவார். தன் அளவை அறியாது தன்னையே வியப்பவன் விரைவிற் கெடுவான் என்பது ‘வலியறிதல்’ அதிகாரத்தில் உள்ள எச்சரிக்கை.

பொது வாழ்விலும் இச்சொல் பயில்கின்றது. பாராளுமன்றத்தில் ‘நம்பிக்கையில்லாத் தீர்மானம்’ கொண்டு வருகின்றார்கள். பிறர் பொருட்டு ஒருவர் காக்கும் சொத்தை ‘நம்பிக்கைப் பொறுப்பு’ என்கின்றோம். இவ்விரு வழக்காலும் ஓர் உண்மை விளங்கும். நம்பிக்கை பிறரால் ஒப்படைக்கப்படுவது. அதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். காட்டத் தவறினால் அது மீளப் பெறப்படும். தன்னம்பிக்கையும் இத்தகையதே. அங்கே ஒப்படைப்பவரும் நாமே, கணக்குக் காட்ட வேண்டியவரும் நாமே. ஆகையால் பொய்க் கணக்கு எழுதுவது எளிது. அதுவே அதன் இடர்.

கணக்குச் சரியாக வைத்த ஒருவரை நம் மண்ணிலிருந்தே காட்டுவேன். மட்டக்களப்பு வாவிக்குத் தெற்கே, காரைதீவில் 1892இற் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலே தேறினார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியரானார். பழந்தமிழரின் யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கடந்திருந்தன. செவியாற் கேட்டறிய வழியில்லாத அக்கருவியை ஆராய அவர் முற்பட்டார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே யாழாசிரியனைப் பற்றி வரும் அடிகளைப் பற்றுக்கோடாகக் கொண்டு, இசையின் அளவுகளைக் கணித முறையாற் கணக்கிட்டுப் பல்லாண்டு உழைத்தார். அவ்வுழைப்பின் பயனாகிய யாழ்நூல் 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரிலே அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார்.

இதனைத் துணிவு என்றால் பாதி உண்மையே ஆகும். துணிவு மட்டுமே உடையவர், “பண்டை யாழ் இப்படித்தான் இருந்தது” என்று அடித்துச் சொல்லி அமைந்திருப்பார். சுவாமி அவர்களோ எண்ணிப் பார்த்தார். பின்னர்க் கற்றோர் அவையிலே தம் நூலை வைத்தார். அரங்கேற்றம் என்னும் நம் பழைய மரபே, என் நூலை ஆராய்ந்து பாருங்கள் என்று நூலாசிரியர் அவையோரிடம் ஒப்படைக்கும் மரபன்றோ? ஆராய்ச்சிக்கு அஞ்சாமையே நம்பிக்கையின் அடையாளம்.

இனி அச்சிறுவனிடம் வருகிறேன். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படுவதற்கு முன்னர், எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குச் செல்வோர் பலர் வாவியைத் துறைகளிலேயே கடந்தனர். நானும் அவ்வாறே கடந்து படிப்பிக்கச் சென்றேன். என் வகுப்பிலே ஒரு மீனவர் மகன் இருந்தான். கேட்டால் மட்டும் பேசுவான், அதுவும் மெல்லவே. பேச்சுப் போட்டிக்கு அவனை விடுத்து, உரத்த குரலுடைய மற்றொருவனைத் தெரிந்தேன். அவனது தேர்ச்சி அறிக்கையில், “தன்னம்பிக்கை போதாது” என்று எழுதினேன்.

மார்கழி மாதத்து மாலையொன்றில், தந்தைக்குச் சுகமில்லை என்று அவனே தோணியோடு துறைக்கு வந்தான். வடகிழக்கிலே மேகம் கறுத்திருந்தது. வீசிக்கொண்டிருந்த வாடை திடீரென நின்றது. வீட்டுக்கு விரையும் ஆவலில், “காற்று நின்றுவிட்டது, புறப்படு” என்றேன். அவன் தோணியைக் கரையில் இழுத்துக் கட்டினான். “இப்ப போக ஏலா, சேர்” என்றான். நான் கடிந்து கொண்டேன். அவன் குரல் உயரவில்லை; கயிற்றையும் அவிழ்க்கவில்லை. சிறிது நேரத்துள் பெருங்காற்று இறங்கி வாவி முழுதும் வெள்ளை நுரையாயிற்று. நாங்கள் புறப்பட்டிருந்தால் அவ்வேளை நடு வாவியில் இருந்திருப்போம். ஒரு மணி நேரம் கழித்து அவன் எங்களை அமைதியாகக் கரை சேர்த்தான். எப்படி அறிந்தாய் என்று வினவினேன். “எனக்கு இந்தத் தண்ணி தெரியும், சேர்” என்றான்.

மறுநாள் அத்தேர்ச்சி அறிக்கையைத் தேடி எடுத்து, என் கையாலேயே அவ்வரியைத் திருத்தினேன். வகுப்பறையிலே நான் தேடியது குரல். அவனிடம் இருந்தது தேற்றம். ஆசிரியர் சொல்லுக்கும் வளையாத அந்த மறுப்பிலே செருக்கு இல்லை, அறிவு இருந்தது.

பெற்றோரே, ஆசிரியரே, பிள்ளைகளிடம் “தன்னம்பிக்கையோடு இரு” என்று எத்தனை முறை சொன்னாலும் அஃது உண்டாகிவிடாது. அவர்கள் நன்கறிந்த ஒரு வேலையைக் கொடுங்கள். அதில் அவர்கள் சொல்லும் சொல்லைக் கேளுங்கள். முதலில் நாம் அவர்களை நம்பினால், அந்நம்பிக்கைக்குக் கணக்குக் காட்டக் கற்றுக்கொள்வார்கள். அக்கணக்கு நேராகும் நாளிலே தன்னம்பிக்கை தானே வந்து சேரும். நற்சான்றுப் பத்திரம் எழுத அமரும்போது, உரத்துப் பேசாத பிள்ளைகளையும் ஒருமுறை நினைத்துப் பார்த்து எழுதுவோம்.