‘அவர்’ என்னும் சொல்



அம்மையும் அப்பனும் ஓருருவாய் நிற்கும் அர்த்தநாரீசுவரரைத் தொழத் திருச்செங்கோடு வரை செல்கிறோம். ஆயின், தம்முள் ஆண்மையும் பெண்மையும் மாறி மாறி வருவதாக உணரும் ஓர் அன்பர் நம் ஆலயத்திற்கு வந்தால், “அவனா, அவளா?” என்று அவர் காதுபடவே கேட்கிறோம். அக்கேள்விக்கு அஞ்சி வாசலோடு திரும்புவோரும் உளர்.

தொல்காப்பியர், பேடியர்க்கெனத் தனி ஈறு இல்லையென்றும், உயர்திணை ஈறுகளையே அவர்கள் கொள்வரென்றும் விதி வகுத்தார். அஃறிணையில் தள்ளினாரில்லை! தம் பாலினத்தைத் தாமே அறிவிக்கும் உரிமையை இந்திய உச்சநீதிமன்றம் ஏற்றது 2014ஆம் ஆண்டில்தான்.

அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதம் வரையும்போது எனக்கு எழும் தயக்கம் தமிழில் எழுவதில்லை. ‘அவர்’ என்றால் இருபாலார்க்கும் பொருந்தும். மரியாதையும் சேர்ந்தே வரும். ஒருவர் தம்மை ‘அக்கா’ என்றழைக்க விரும்பினால் அவ்வாறே அழைப்பதில் நமக்கென்ன குறை?

திருவிழாத் தொண்டூழியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அருச்சனைச் சீட்டுக்குப் பெயரும் நட்சத்திரமும் போதும். அடையாள அட்டையில் வேறு பெயர் இருப்பினும், அவர் சொல்லும் பெயரையே எழுதுங்கள். குருக்களிடமும் அப்பெயரையே சொல்லுங்கள்.