இணையக் கடையின் மறைவாடகை

(கோட்டுகாலில் கைத்தறித் தொழிலாளரிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



இணையத்தில் கடை திறக்க வாடகையும் முன்பணமும் வேண்டா என்கிறார்கள். ஆனால் வாடகை ஒழிந்துவிடவில்லை. ஒவ்வொரு விற்பனைக்குள்ளும் ஒளிந்துகொண்டது.

நம் நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாலராமபுரம் கைத்தறி, புவிசார் குறியீடு பெற்றது. அங்கு நெய்த வேட்டியொன்றை நெசவாளி 1,000 ரூபாய்க்கு இணையத்தில் விற்பதாகக் கொள்வோம். தரகு, அனுப்புகூலி, விளம்பரம் என 200 ரூபாய் பிடித்தால், அக்கட்டணத்தின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி 36 ரூபாய். பதிவில்லாதவர் அதைத் திரும்பப் பெற இயலாது. எஞ்சும் 764 ரூபாயில்தான் நூல் விலையும் நெய்த கூலியும் அடங்க வேண்டும். வேட்டி திரும்பி வந்தால் அச்செலவும் பெரும்பாலும் நெசவாளி தலையிலேயே விழும்.

எல்லையையும் எண்ணிப் பாருங்கள். 2023 அக்டோபர் 1 முதல் சிறு விற்பனையாளர் ஜிஎஸ்டி பதிவின்றியே இணைய மேடைகளில் பொருள் விற்கலாம். ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டுமே. பாறசாலைக்கு அனுப்பலாம், அதையடுத்த களியக்காவிளைக்கு அனுப்பப் பதிவு வேண்டும். பதிவு வந்தால் கணக்குத் தாக்கலும் கணக்கர் கூலியும் உடன்வரும்.

இணையத்தை வெறுப்பது தீர்வன்று. தனியே நுழைபவர் சொன்ன கட்டணத்தைச் செலுத்துகிறார். கூட்டாக நுழைபவரே பேரம் பேச வல்லவர். ஹான்டெக்ஸ் போன்ற கூட்டுறவின் பெயரில் ஒரே பதிவு, ஒரே கணக்கர், அஞ்சல் துறையோடு ஒரே ஒப்பந்தம் அமையட்டும். மேடைகளின் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு விதிக்கட்டும். நெய்தவரின் கூலியை முதலில் எழுதி, அதன்பிறகே விலையை எழுதுவோம்.