மந்தைக்கு வழி வேண்டும்

(ஜூபிலி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நல்லாயன் என்ற சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் மந்தை மேய்த்தே பிழைக்கும் மக்கள் இன்று படும் பாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்களுள் ஓர் இனத்தாரைப் பற்றி இன்று சிந்திப்போம்.

எத்தியோப்பியாவின் தெற்கிலும் கென்யாவின் வடக்கிலும் பொரானா மக்கள் வாழ்கிறார்கள். மாடே அவர்கள் சொத்து; பாலே அவர்கள் உணவு. அங்கே மார்ச் முதல் மே வரை ஒரு மழைக்காலம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொன்று. ஓரிடத்தில் பெய்யும் மழை சிறிது தொலைவில் பெய்யாது. ஆகவே புல் இருக்கும் இடம் தேடி மந்தையோடு நடப்பார்கள். இதை நாடோடிப் பிழைப்பு என்று இகழ்ந்தவர்கள் உண்டு. ஆனால் அந்த நிலத்தில் அதுவே விவேகம். வறட்சிக் காலத்துக்கென்று மேய்ச்சல் நிலத்தை ஒதுக்கி வைப்பார்கள். ஆழ்கிணற்றில் இளைஞர்கள் வரிசையாக நின்று, பாடிக்கொண்டே வாளியைக் கைமாற்றி நீர் இறைப்பார்கள். எந்த மந்தை எப்போது நீர் குடிப்பது என்பதற்கும் முறை உண்டு. மாடிழந்தவனுக்குக் குலத்தார் மாடு கொடுத்துத் தூக்கி நிறுத்துவார்கள். அதற்குப் 'பூசா கொனோபா' என்று பெயர்.

2020 அக்டோபர் முதல் 2022 இறுதி வரை ஐந்து மழைக்காலங்கள் அடுத்தடுத்துப் பொய்த்தன. கென்யாவில் மட்டும் சுமார் 25 லட்சம் கால்நடைகள் மடிந்தன. மெலிந்த மாட்டுக்குச் சந்தையில் விலை இல்லை. மக்காச்சோள விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. பால் வற்றியபோது முதலில் வாடியவை குழந்தைகளே. கொடுக்க வேண்டிய குலத்தாரிடமே மாடு இல்லாதபோது யார் யாருக்குக் கொடுப்பது?

மழை குறைந்தது மட்டும் காரணமல்ல. மிகுந்த வெப்பம் மண்ணிலும் புல்லிலும் இருந்த ஈரத்தையும் உறிஞ்சிவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து மனிதர் பூமியைச் சூடாக்கியிராவிட்டால் இவ்வளவு கொடிய வறட்சி நேர்ந்திராது என்று 2023-இல் பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி ஆராய்ந்து கூறினார்கள். ஆப்பிரிக்கா முழுவதும் சேர்ந்து வெளியிடும் கரிப்புகை உலக அளவில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவே. அதிகம் எரித்தவர் ஒருவர். மாட்டைப் பறிகொடுத்தவர் வேறொருவர்.

என்ன செய்யலாம்? 2010-இல் கென்யாவின் மார்சாபிட் பகுதியில் கால்நடை இன்ஷூரன்ஸ் ஒன்று தொடங்கினார்கள். செயற்கைக்கோள் மேலிருந்து புல்லின் பசுமையை அளக்கும். அது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் பணம் கிடைக்கும். 2015-இல் அந்நாட்டு அரசும் இத்தகைய திட்டத்தை மேற்கொண்டது. மாடு செத்தபின் ஈடு தருவதைவிட, சாகுமுன் தீவனம் வாங்கப் பணம் தருவதே மேல் என்பது அனுபவம் தந்த பாடம். ஆயினும் இன்ஷூரன்ஸ் மட்டும் போதாது. மேய்ச்சல் நிலம் வேலிக்குள் போய்விட்டால், கையில் பணம் இருந்தும் மந்தை எங்கே போகும்? பழைய மேய்ச்சல் வழிகள் திறந்திருக்க வேண்டும். அவற்றைப் பற்றி முடிவெடுக்கும்போது அந்த மக்களையும் உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.

அன்பர்களே, வறட்சி நிவாரணம் என்றவுடன் நாம் தானிய மூட்டையை நினைக்கிறோம். பசித்தவனுக்கு அது தேவைதான். ஆனால் அவனுடைய மாடு நிற்கும்போதே உதவி சென்றால், அவன் மூட்டைக்கு வரிசையில் நிற்க நேராது. இனி எங்கேனும் வறட்சி என்று செய்தி வந்தால், எத்தனை பேர் மடிந்தார்கள் என்று கேட்கக் காத்திராமல், மழை பொய்த்த முதல் பருவத்திலேயே கை கொடுப்போம்.