பழந்துவக்கின் பெறுமதி



எங்கள் புதுக்குடியிருப்பில் துவக்கைப் பற்றிப் பேச இன்றும் பலர் விரும்புவதில்லை. 2009இல் அந்த மண் கண்டது போதும். ஆயினும் இன்றைய என் பேச்சு ஒரு துவக்கைப் பற்றியதே.

முன்பு என்னிடம் தமிழ் படித்த பொடியன் ஒருவன் சாக்குத்துண்டில் சுற்றி ஒரு பொருள் கொண்டுவந்தான். அவனுடைய பேரனாரின் வளவில் அத்திவாரம் வெட்டியபோது கிடைத்ததாம். குழல் இல்லை, கட்டை இல்லை. துவக்கின் விசைப்பகுதி மாத்திரம்.

"சேர், இது என்ன விலை போகும்?"

தமிழ் வாத்தியாரிடம் கேட்கும் கேள்வியா இது! துவக்கு என்ற சொல்லின் வரலாறென்றால் சொல்வேன். நம் துவக்கும், தமிழகத்தாரின் துப்பாக்கியும், சிங்களவரின் துவக்குவவும் ஒரே துருக்கியச் சொல்லின் பிள்ளைகள். சொல்லின் பூர்வீகம் விலைக்கு உதவாதே. பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் வாய் அப்படியே இருந்தது. பிரித்தானியப் படை அவ்வகைத் துவக்குகளை 1840 அளவில் கைவிடத் தொடங்கியது. தகட்டில் கிரீடம் போல ஏதோ தெரிந்தது. கிரீடமும் ஜீ.ஆர். எழுத்துக்களும் இருந்தால் ஜோர்ஜ் மன்னர்கள் காலத்து அரச ஆயுதம். இதய வடிவ முத்திரையானால் கிழக்கிந்தியக் கம்பனியுடையது. எழுத்து இருந்திருக்கக்கூடிய இடத்தைப் பொடியன் சாண்ட் பேப்பர் போட்டு மினுக்கி வைத்திருந்தான்! பழம்பொருள் வாங்குவோர் முதலில் வெறுப்பது இந்த மினுக்கலைத்தான்.

அடுத்து அவர்கள் கேட்பது, யாருடைய துவக்கு என்பது. 2019இல் இங்கிலாந்தின் பார்க்சயரில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்த துவக்கு 60,000 பவுணுக்கு ஏலம் போயிற்று. போரில் அடிபட்ட துவக்குத்தான். ஆனால் அது திப்பு சுல்தானுடையது. 1799இல் சிறீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அதைக் கொண்டுபோன கம்பனி அதிகாரியின் பெயர்கூடத் தெரிந்திருந்தது.

இன்னொன்று, விலையே பேசப்படாதது. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது எடுத்துச் சென்ற மாணிக்கம் பதித்த சிறு பீரங்கியும், இரண்டு துவக்குகளும், வாள்களும் 2023 மார்கழியில் கொழும்புக்குத் திரும்பி வந்தன. ஆவணங்களைத் துருவி, இவை கொள்ளைப் பொருள் என்று நிறுவியவர்கள் ஆய்வாளர்கள்.

"அப்ப இது பண்டாரவன்னியன் காலத்துத் துவக்கோ, சேர்?"

அவன் கண்கள் விரிந்தன. 1803 ஆவணியில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி ஆங்கிலேயரை விரட்டியதும், ஐப்பசியில் கற்சிலைமடுவில் தோற்றதும் நாம் அறிந்தவை. ஆனால் படைகள் கைவிட்ட துவக்குகள் பின்னர் நெடுங்காலம் வேட்டைக்காரரிடமும் இருந்தன. தகட்டை மட்டும் வைத்து நான் எப்படிச் சொல்வது?

அதிலே ஒரு சிக்கலும் உண்டு. நம் நாட்டின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் 1815 மாசிக்குப் பிந்தாத பொருளைத் தொல்பொருள் என்கிறது. நிலத்தினுள் கிடைத்தால் அது அரசுக்குரியது; கண்டெடுத்தவர் அறிவிக்கவேண்டும். பண்டாரவன்னியன் காலத்ததானால் பெருமை அவனுக்கு, பொருள் அரசுக்கு. பேரனார் பன்றிக்கு வெடி வைத்த துவக்கானாலோ, துவக்குக்கான சட்டம் வேறாக நிற்கிறது. இதைச் சொன்னதும் அவன் முகம் வாடிவிட்டது. வீட்டுக் கூரைக்குக் காசு தேடி வந்தவன் அவன். காணிக்கும் ஏதும் வந்துவிடுமோ என்ற பயம் வேறு.

அறிவிப்புக் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன் என்றேன். "வீட்டில் இதைப்பற்றித் தெரிந்தவர்கள் யார்?" என்றும் கேட்டேன். அப்பாச்சி ஒருவர்தான் மிச்சம், அவரும் மறதிக்காரி. வீட்டுப் பத்திரங்களெல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. "அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதி வா" என்று அனுப்பினேன்.

இரண்டு கிழமை கழித்து அப்பியாசக் கொப்பியுடன் வந்தான். நாலு வரிதான் இருந்தது. அப்பாச்சி கலியாணம் செய்து வந்தபோது அந்தத் துவக்கு அடுப்படி வளையில் தொங்கியதாம். அதை இரவல் வாங்கிப் போனவரின் பெயரும் இருந்தது. திருப்பித் தந்தாரா என்பது இல்லை.