இரு மின்சாரம் ஒன்றையொன்று சந்திக்கலாகாது
(பாரோய் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களுக்கு நிகழ்த்தப்பட்ட உரையின் வாசகம்)



நம் நாட்டு மின்சார வரலாற்றில் தமிழர் ஒருவருக்கும் பங்குண்டு. 1894-ஆம் ஆண்டில் ராவாங் ஈயச் சுரங்கத்தில் தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் மின்னாக்கியை நிறுவினர். பின்னர் நெடுங்காலம் பல தோட்டங்களில் மாலையில் சில மணி நேரம் மட்டுமே இயந்திரம் ஓடி லயங்களுக்கு ஒளி தந்தது. இன்று பொது மின்சாரம் வந்துவிட்டது. ஆயினும் அதுவும் சில வேளை நின்றுவிடுகிறது. 1992 செப்டம்பர் 29-ஆம் நாளிலும், 1996 ஆகஸ்டு 3-ஆம் நாளிலும் தீபகற்பம் முழுவதும் இருளில் மூழ்கியதை மூத்தோர் அறிவர். புயல்மழையில் ஒரு மரம் கம்பிமேல் சாய்ந்தாலும் போதும், ஒரு வட்டாரமே இருண்டுவிடும்.

ஆகவே சிலர் ஜெனரேட்டர் எனப்படும் சிறு மின்னாக்கியை வாங்குகின்றனர். அதில் தவறில்லை. ஆனால், அதை வீட்டு மின்கம்பியுடன் இணைக்கும் முறையில்தான் உயிர் இருக்கிறது. இரு முனையிலும் பிளக் பொருத்திய வயரைச் சுவரிலுள்ள துளையில் செருகி மின்சாரம் ஏற்றுவது பேராபத்து. 11,000 வோல்ட்டை 230 வோல்ட்டாகக் குறைக்கும் மின்மாற்றி, எதிர்த்திசையிலும் வேலை செய்யும். நம் வீட்டிலிருந்து வெளியேறும் 230 வோல்ட், அதன் வழியே 11,000 வோல்ட்டாக உயர்ந்து, கம்பத்தின்மேல் பழுது பார்ப்பவரின் உயிரைப் பறிக்கக்கூடும். அவரும் நம்மைப்போல் உழைத்துப் பிழைப்பவரே. பொது மின்சாரம் திடீரெனத் திரும்பினாலோ, இரண்டும் மோதி மின்னாக்கி கருகும், தீயும் பிடிக்கலாம்.

"மெயின் சுவிட்சை அடைத்துவிட்டால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. இருட்டில், அவசரத்தில், மனிதர் மறப்பர். மறந்தாலும் தவறு நேராதபடி காப்பதே மாற்று விசை. கடைகளில் இதைச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் என்பர். ஒரு பக்கம் திருப்பினால் பொது மின்சாரம். மறுபக்கம் திருப்பினால் மின்னாக்கி. நடுவில் இரண்டும் இல்லை. இரண்டும் ஒருசேர இணைவதற்கு அதன் அமைப்பே இடந்தராது.

இதனைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, துருவம். லைவ், நியூட்ரல் ஆகிய இரு கம்பிகளையும் ஒருசேர மாற்றும் இரு துருவ விசையே சாதாரண வீட்டுக்கு ஏற்றது. மும்முனை இணைப்புள்ள வீட்டுக்கு நான்கு துருவம் வேண்டும்.

இரண்டாவது, ஆம்பியர். 2,000 வாட் மின்னாக்கி ஏறத்தாழ 9 ஆம்பியர்தான் தரும். அதைக் கணக்கிட்டுச் சிறிய விசையை வாங்கிவிடக் கூடாது. மற்ற நாள்களில் வீட்டின் மின்சாரம் முழுவதும் அவ்விசையின் வழியேதான் பாயும். மெயின் ஃபியூஸ் 60 ஆம்பியர் என்றால், விசை அதற்குக் குறையாதிருக்க வேண்டும். 63 ஆம்பியர் விசை பொருந்தும்.

மூன்றாவது, சுமை. விளக்குகள், மின்விசிறிகள், குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றைச் சிறு மின்னாக்கி தாங்கும். 3,600 வாட் நீர்ச்சூடேற்றியைத் தாங்காது. எனவே, இன்றியமையாத இணைப்புகளை மட்டும் தனிப் பெட்டியாகப் பிரித்து, அதற்கு மட்டும் மாற்று விசை அமைப்பது சிக்கனமான வழி. அப்போது அப்பெட்டிக்குரிய ஆம்பியர் அளவே விசைக்குப் போதும்.

நான்காவது, கைவிசையா, தானியங்கியா என்பது. கயிறு இழுத்து இயக்கும் மின்னாக்கிக்குத் தானியங்கி விசை வீண்செலவு. அது தானே இயந்திரத்தைக் கிளப்ப இயலாது. கைவிசை விலை குறைந்தது, பழுதும் குறைவு.

இவ்விசையை நாமே பொருத்தலாகாது. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற வயர்மேன்தான் பொருத்த வேண்டும். நில இணைப்பையும், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியையும் அவர் சோதித்துத் தர வேண்டும். லயத்து வீடு நிர்வாகத்துக்கு உரியதாதலால், முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெறுதல் நம் கடமை.

மின்தடை ஏற்பட்டால், முதலில் விசையை நடுவில் வையுங்கள். மின்னாக்கியை இயக்கி, அது சீராக ஓடிய பிறகே அதன் பக்கம் திருப்புங்கள். பொது மின்சாரம் வந்ததும் மீண்டும் நடுவில் நிறுத்தி, அதன் பிறகு மாற்றுங்கள். மின்னாக்கியை வீட்டினுள்ளோ, அஞ்சடியிலோ, சன்னலருகிலோ ஒருபோதும் வைக்காதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. உறங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

மின்னாக்கி வாங்கப் பணம் சேர்ப்போர், மாற்று விசைக்கும் வயர்மேன் கூலிக்கும் சேர்த்தே சேமியுங்கள். அவை இல்லாதவரை, மின்னாக்கியை வீட்டுக் கம்பியுடன் இணைக்காமல், வெளியே வைத்து, ஏற்ற வயர் மூலம் விளக்குக்கும் விசிறிக்கும் நேரடியாக மின்சாரம் எடுங்கள். வெளிச்சம் சற்றுக் குறையலாம், உயிர்கள் குறையா.