குழாய்நீருக்கு விலை கொடுத்தவர் யார்?



கோவை–திருச்சிச் சாலையில் அவிநாசிபாளையத்திலிருந்து வடக்கே திரும்பினால் திருப்பூருக்குப் போகலாம். பனியனுக்குப் பேர்போன அவ்வூரில் நூலைப் பின்னுவதற்குத் தண்ணீர் வேண்டாம். துணியை வெளுக்கவும் சாயமேற்றவும்தான் வேண்டும். 1990-களில் நிலத்தடி நீர் கெட்டுப்போகவே, சாயப்பட்டறைகள் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கின. வீட்டுப் பெண்கள் குடங்களுடன் காத்திருந்தார்கள்.

தொலைவிலுள்ள பவானிப் பகுதியிலிருந்து நீர் கொண்டுவர ஏறத்தாழ 1000 கோடி ரூபாய் வேண்டும். நகரின் மக்கள்தொகையோ 2001-ஆம் ஆண்டுக் கணக்கின்படி சுமார் மூன்றரை லட்சம். சுற்றுக் கிராமங்களை விட்டுவிட்டு நகரத்தார்க்கு மட்டும் பங்கிட்டுப் பாருங்கள்: கைக்குழந்தை உட்படத் தலைக்கு 28,000 ரூபாய்க்கு மேல்! சொத்துவரியை உயர்த்தி ஓரிரு ஆண்டில் திரட்டக்கூடிய தொகையா இது? அன்றியும், பேரன் குடிக்கப்போகும் தண்ணீருக்குத் தாத்தா மட்டும் ஏன் பணம் கட்ட வேண்டும்? நெடுநாள் உழைக்கும் குழாய்க்கு நெடுநாள் கடன் வாங்குவதே முறை.

ஆனால் கடன் கொடுப்பவர், பணம் எவ்வழியில் திரும்பும் என்று கேட்பாரல்லவா? சென்னையை ஒட்டிய ஆலந்தூரில், 2000-ஆம் ஆண்டையொட்டிப் பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5000 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். திருப்பூர் வேறு வழியை நாடியது. தமிழக அரசும், ஒரு நிதி நிறுவனமும், ஏற்றுமதியாளர் சங்கமும் சேர்ந்து 1995-இல் புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகத்தைத் தோற்றுவித்தன. பங்குத் தொகையும் நீண்டகாலக் கடனும் திரட்டிக் குழாய் பதித்தார்கள். நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் தரவல்ல அத்திட்டம் 2006 வாக்கில் நடைமுறைக்கு வந்தது.

இதன் உயிர்நிலை தண்ணீரின் விலையில் இருந்தது. வீட்டு உபயோகத்துக்குக் குறைந்த விலை. ஆலைக்கு அதைப்போல் பல மடங்கு. லாரிக்குப் பணம் கொட்டிப் பழகிய பட்டறைக்காரர்களுக்கு இது தாங்கக்கூடியதாகவே இருந்தது. ஊதியம் ஈட்டுபவன் கூடுதலாகக் கொடுப்பது நியாயம் என்பதே என் கருத்து. எனினும் ஒரே தொழிலின் தோளில் முழுப் பாரத்தையும் ஏற்றியது ஆபத்தாக முடிந்தது.

அப்பட்டறைகளின் சாயக்கழிவு நொய்யலாற்றைப் பாழாக்கிக் கீழ்ப்புறத்து உழவர்களின் வயிற்றில் அடித்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதிக விலை கொடுத்துவந்தவர்கள் நின்றுபோனார்கள். கடனுக்கு வட்டி நிற்கவில்லை. பின்னர்ச் சுத்திகரிப்பு ஏற்பாடுகளைச் செய்துகொண்ட பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. ஆனால் கழிவுநீரையே தூய்மையாக்கித் திரும்பப் பயன்படுத்தக் கற்றுக்கொண்ட பட்டறைக்குப் பவானியிலிருந்து வரும் புதுநீர் முன்போல் அவ்வளவு தேவைப்படவில்லை.