ஒரே வீட்டில் இரண்டு தலைமை

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிழைப்புக்காக ஊரை விட்டு மும்பைக்கு வந்தவர்கள் நாம். இன்று நாம் நினைவு கூர்கிற அன்னை மீனாம்பாள் சிவராஜும் அப்படிக் கடல் கடந்து போன தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்தான். 1904ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ரங்கூனில் பிறந்தார். அங்கே வணிகத்தில் பெயர் பெற்ற மதுரைப் பிள்ளை அவருடைய பாட்டனார். வீட்டில் வசதி இருந்தது. ஆனால் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவருக்கு வசதி மட்டும் மரியாதையைத் தேடித் தந்துவிடுமா? அதைப் போராடித்தான் பெற வேண்டியிருந்தது.

அவருடைய கணவர் ந. சிவராஜ். 1942இல் நாக்பூரில் அண்ணல் அம்பேத்கர் அகில இந்திய ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனத்தைத் தொடங்கியபோது அதற்குத் தலைவரானவர். பின்னர் சென்னை மேயராகவும் இருந்தார். 'தலைவரின் மனைவி' என்ற பெயரே போதும் என்று அன்னை அடுப்படியோடு நின்றிருக்கலாம். நின்றாரா? இல்லை!

1938 நவம்பரில் சென்னையில் பெண்கள் மாநாடு கூடியது. கட்டாய இந்தியை எதிர்த்துத் தாய்மார்கள் திரண்ட காலம் அது. ஈ.வெ.ரா. அவர்களைப் 'பெரியார்' என்று அழைக்க வேண்டுமென முடிவு செய்தது அந்த மாநாடுதான். அங்கே முன்னின்ற பெண்களில் மீனாம்பாளும் ஒருவர்.

1945ஆம் ஆண்டு, பம்பாய் என்று அழைக்கப்பட்ட இதே நகரில், சம்மேளனத்தின் பெண்கள் மாநாடு நடந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் அன்னை மீனாம்பாள். சம்மேளனத்துக்குத் தலைவர் கணவர். பெண்கள் மாநாட்டுக்குத் தலைவர் மனைவி. ஒரே வீட்டில் இரண்டு தலைமை! அதனால் அந்தக் குடும்பம் எந்த விதத்தில் குறைந்து போயிற்று? உயர்ந்தல்லவா நின்றது!

1964இல் சிவராஜ் மறைந்தார். அதன் பிறகும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1992இல் அன்னை கண் மூடினார். 88 வயதை நெருங்கிய நெடிய வாழ்வு அது.

தோழர்களே! நம் குடியிருப்பில் தண்ணீருக்கு வரிசையில் நிற்பவர் யார்? பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அலைபவர் யார்? ஊரிலிருந்து புதிதாக வந்த குடும்பத்துக்கு முதல் வேளைச் சோறு போடுபவர் யார்? நம் தாய்மார்கள்தான். 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமே ரேஷன் அட்டையில் வீட்டின் மூத்த பெண்ணைக் குடும்பத் தலைவர் என்கிறது. அரசாங்க அட்டையில் தலைவியாக இருப்பவர் சங்கத்தின் பதிவேட்டில் மட்டும் ஏன் இல்லை?

ஆகவே மூன்று காரியங்களை முன்வைக்கிறோம். ஒன்று, வீட்டுக்கு ஓர் உறுப்பினர் என்ற வழக்கம் போய், கணவன் மனைவி இருவர் பேரும் பதிவேட்டில் ஏற வேண்டும். இரண்டு, வருகிற தேர்தலில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற மூன்று பொறுப்பில் ஒன்றாவது பெண்ணுக்கு வர வேண்டும். மூன்று, கூட்டம் தாய்மார்களுக்குத் தோதான ஞாயிறு பிற்பகலில் நடக்க வேண்டும். அந்த நேரம் பிள்ளைகளை ஆண்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படத்துக்கு மாலை போடுவது எளிது. இந்த மூன்றையும் நிறைவேற்றுவதே அன்னைக்கு நாம் செலுத்தும் உண்மையான மரியாதை.

வாழ்க அன்னை மீனாம்பாள் புகழ்!